அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து நர்சிங் உதவியாளர் படிப்பில் சேரலாமா?

நெல்லிக்குப்பம் பெண்:
வணக்கம். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறேன். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். கடலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஒரு வருட 'நர்சிங் உதவியாளர் டிப்ளமா'வுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் ஸ்டாஃப் நர்ஸ் வேலை கிடைக்குமாம். அம்மா சங்கிலியை அடகு வைக்கத் தயாராக நிற்கிறார். பாட்டி படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சேரலாமா?

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:
உனக்கு என் தங்கை வயதுதான் இருக்கும், உரிமையோடு சொல்கிறேன். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். ஒரு வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு யாரும் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ உதவி டிப்ளமா) அல்லது நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும். இதை மறைத்துப் பணம் வாங்குகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. 2009-இல் நானும் அப்படி ஓர் இடத்தில் 18,000 ரூபாய் கட்டினேன். பதினொரு மாதமும் பொம்மைக்குத்தான் கட்டுப் போட்டோம். ஒரு நோயாளியைக்கூடக் காட்டவில்லை.

வேலையைக் கிளினிக்கில்தான் கற்றேன். இன்றும் உதவியாளராகவே இருக்கிறேன், விரும்பித்தான். டோக்கன், எடை, காய்ச்சல், பிரஷர், ஈ.சி.ஜி., பழைய சீட்டைத் தேடி எடுப்பது என்று நாள் ஓடிவிடும். போன மாதம் தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த வேகத்தில் கையை நீட்டினார். பிரஷர் 178/100 காட்டியது. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. மறுபடி பார்த்தபோது 146/88. இரண்டையும் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினேன். முதல் எண்ணோடு அனுப்பியிருந்தால் அவருக்கு ஒரு மாத்திரை கூடியிருக்கலாம்.

அறிவியல் பிரிவு படித்திருக்கிறாய், முதலில் அரசு நர்சிங் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போடு. உடனே சம்பாதித்தே ஆகவேண்டும் என்றால், ஜி.டி.ஏ. என்கிற பொதுப்பணி உதவியாளர் பயிற்சி சில மாதங்களில் முடிந்துவிடும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பு துடைத்துவிடுவது, ஊட்டுவது எல்லாம் உன் பாட்டிக்கு நீ செய்தவைதான். எங்கே சேர்ந்தாலும் எந்த ஆஸ்பத்திரி வார்டில், எத்தனை மணி நேரம் பயிற்சி என்று எழுதித் தரக் கேள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடு.

கோரிமேடு லேப் டெக்னீஷியன்:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. டாக்டருக்கு உதவும் 'பிசிஷியன் அசிஸ்டெண்ட்' என்ற பட்டப்படிப்பு இதிலிருந்து வேறு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு வருடம். பெயரைக் கேட்டுக் குழம்பவேண்டாம்.

எந்த வேலையில் சேர்ந்தாலும், இரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், ஊசிகளுக்கென்றே வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டிக்குள் நேராகப் போட்டுவிடுங்கள். ஊசி கையில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டக்கூடாது. திட்டுவார்களோ என்று பயந்து ஒரு நாள் முழுக்க மறைத்த பையனை எனக்குத் தெரியும்.

நெல்லிக்குப்பம் பெண்:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சங்கிலிப் பேச்சு நின்றுவிட்டது. நர்சிங் விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை எடுத்து வைக்கிறேன். இன்னும் ஒரு பயம் அக்கா: இரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். பழகிவிடுமா?

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:
எனக்கும் சுற்றியது. சேர்ந்த வாரம் ஒரு சிறுவன் கண்ணாடியில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். கண் இருட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தேன். எங்கள் டாக்டர் அன்று சொல்லிக்கொடுத்ததை இன்றும் செய்கிறேன். தலை லேசாகும்போதே தொடை, வயிறு, கை எல்லாத் தசைகளையும் இறுக்கிப் பிடி, முகம் சூடாகிற வரைக்கும். பிறகு தளர்த்திவிட்டு மறுபடி இறுக்கு. அப்படியும் சுற்றினால் உட்கார்ந்துவிடு, வெட்கப்படாதே. காலையில் சாப்பிடாமல் மட்டும் வேலைக்குப் போகாதே.