புதுப்பிப்பு: கிளப் பயணத்தில் டிடெக்டர் ஓயாமல் கத்திய பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டது இதுதான்: தனியாகப் பழைய நாணயம் தேடும்போது அமைதியாக இருக்கும் மெட்டல் டிடெக்டர், கிளப் நண்பர்களோடு ஒரே வயலில் இறங்கினால் மட்டும், காயிலை (தரைக்கு மேல் பிடிக்கும் வட்டத் தலையை) அசைக்காமல் வைத்தாலும் கத்துகிறது. ஏன்?

பக்கத்து டிடெக்டர்களின் குறுக்கீடுதான் காரணம், அலைவரிசையை மாற்றுங்கள் என்று சொன்ன நண்பரின் யோசனை பலித்தது. காயிலை அசையாமல் பிடித்துக்கொண்டு குறுக்கீடு குறைந்த அலைவரிசையைத் தானே தேடி எடுக்கும் நாய்ஸ் கேன்சலை ஓடவிட்டேன். பெரும்பாலான இரைச்சல் போய்விட்டது. என் மாடலையே வைத்திருந்தவரிடமிருந்து நன்றாகத் தள்ளிப் போனதும் மீதியும் அடங்கியது. சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறைத்தாலும் சத்தம் குறைகிறது, ஆனால் ஆழத்தில் கிடக்கும் சின்னக் காசுகள் தப்பிவிடும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் இதற்கு உதவவில்லை. அது மண்ணிலுள்ள கனிமங்களைச் சமாளிக்கத்தான்.

எதிர்பாராத ஒன்று. சத்தம் அடங்கியபின் ஒரு மெல்லிய வெள்ளிக் காசு கிடைத்தது! உலோகத்துக்கு ஏற்ப டிடெக்டர் திரையில் ஓர் எண் வரும். இது வெள்ளிக்குரிய உயர்ந்த எண்ணில் இல்லை, அலுமினியத் தாள் காட்டுகிற தாழ்ந்த எண்ணில்தான் வந்தது. சின்னதும் மெல்லியதுமான காசுகள் அப்படித்தான் காட்டுமாம். தாழ்ந்த எண்களை டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் அமைப்பில்) அடைத்து வைத்தால் இதெல்லாம் மண்ணிலேயே கிடக்கும், தயவுசெய்து திறந்து வையுங்கள்.

அப்புறம், காசைத் தேய்க்கவில்லை. தண்ணீரில் அலசி, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நிலத்துக்காரரிடம் காட்டிவிட்டேன்.