மல்லி அத்தர் பத்தே நிமிஷத்துல காணாம போகுதே?

காரைக்குடில இருந்து கேக்குறேன். சென்ட் சேக்குற பைத்தியம் புடிச்சிருச்சு, போன வாரம் மல்லி அத்தர் வாங்கி மணிக்கட்டுல ஒரு சொட்டு தடவுனேன், பத்து நிமிஷத்துல எனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா அப்பத்தா வளவுல இருந்துக்கிட்டே "யாருடா பூக்கூடையக் கவுத்தது"ங்கிறாக. டூப்ளிகேட்டா?

பதில் 1: இல்லண்ணே, உங்க மூக்கு பழகிருச்சு. ஒரே வாசம் விடாம வந்தா மூக்குல வாசத்தப் புடிக்கிற ரிசெப்டர் அடங்கிரும், மூளையும் கண்டுக்காது. வெளிய ஒரு நடை போயிட்டு வந்து மோந்து பாருங்க.

பதில் 2: மல்லியில இண்டோல்னு ஒரு வேதிப்பொருள் இருக்கு, கூடிப்போனா நாத்தம், துளியூண்டு இருந்தாத்தான் பூ வாசம். இதையெல்லாம் நாம பிரிச்சறியுறது சுமார் 400 வகை ரிசெப்டர வச்சுத்தான், அந்த ரிசெப்டருக்கான ஜீன்கள கண்டுபிடிச்ச ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக்னு ரெண்டு விஞ்ஞானிகளுக்கு 2004ல நோபல் குடுத்தாக.

பதில் 3: சென்ட் கடையில மூக்கு தெளியும்னு காப்பிக்கொட்டைய மோந்து பாக்க நீட்டுவாக, நம்பாதீக. சென்ட் படாத முழங்கைய மோந்தாலே போதும்.