வர்ஜீனியா டீமும் எங்கள் வீட்டு மெசேஜ் குழுவும்: 2018–19 சீசன்

*17 மார்ச் 2018, சனி*

அண்ணன்: தோற்றுவிட்டோம். 74–54.

அத்தை: யார் தோற்றது? காலையிலேயே பதற வைக்காதே.

அண்ணன்: எங்கள் வர்ஜீனியா யுனிவர்சிட்டி பேஸ்கட்பால் டீம், அத்தை. நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்தது. தோற்றது யூ.எம்.பி.சி.யிடம். பால்டிமோர் பக்கத்து யுனிவர்சிட்டி.

சித்தப்பா: இங்கே டர்ஹாமில் டியூக் யுனிவர்சிட்டி ஆட்களே வாயடைத்துப் போயிருக்கிறார்கள். மார்ச்சில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை ஸீட், அதாவது தரவரிசை எண், கொடுப்பார்கள்; 1தான் பலமானது. 1985 முதல் 1ஆம் ஸீட்டும் 16ஆம் ஸீட்டும் 135 முறை மோதியிருக்கின்றன. 135இலும் 1ஆம் ஸீட்தான் ஜெயித்தது. நேற்றுதான் முதல் தடவை மாறியது.

நான்: ஆண்கள் போட்டியில் முதல் தடவை, சித்தப்பா. பெண்கள் போட்டியில் 1998லேயே நடந்துவிட்டது. ஹார்வர்டு 16ஆம் ஸீட், ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த ஊரிலேயே தோற்கடித்தது.

தாத்தா: ஆஃப்டைமில் ஸ்கோர் என்ன?

அண்ணன்: 21–21.

தாத்தா: அங்கேயே ஆட்டம் கைவிட்டுப் போயாயிற்று. இருபது நிமிடத்தில் 21 புள்ளியா? பலமான அணி நிறைய தடவை பந்தைக் கொண்டுபோய் எறிய வேண்டும். அப்போதுதான் பலம் வெளியே தெரியும். உங்கள் டீம் ஒவ்வொரு தடவையும் ஷாட் கிளாக், அதாவது எறியக் கொடுத்த நேரம், முடியும்வரை பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறது. வாய்ப்பு குறையக் குறைய, எளிய அணிக்குத்தான் லாபம்.

அண்ணன்: ஹன்டர் ஆடவில்லை தாத்தா. போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் மணிக்கட்டு உடைந்தது.

தாத்தா: ஒரு பையன் இல்லையென்றால் இரண்டாம் பாதியில் 53 புள்ளி விட்டுக்கொடுப்பார்களா?

அத்தை: மாமா, விடுங்கள். பிள்ளை தூங்கக்கூட இல்லை போல. ஏதாவது சாப்பிட்டாயா கண்ணா?

அண்ணன்: இல்லை அத்தை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கோச் டோனி பென்னெட் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடினார்கள் என்றார். பக்கத்தில் இருந்த பையன்களைக் குறை சொல்லவே இல்லை. அதைப் பார்த்த பிறகு இந்த டீமை விட எனக்கு மனசு வராது.

*24 நவம்பர் 2018, சனி*

அண்ணன்: பஹாமாஸில் நடந்த போட்டியில் ஜெயித்தாயிற்று. ஃபைனலில் விஸ்கான்சினை 53–46.

தாத்தா: 53. இன்னும் அதே ஆட்டம்தானா?

அண்ணன்: டிஃபென்ஸ் அதே தாத்தா, மாற்றவே இல்லை. அதற்குப் பேக் லைன் என்று பெயர். கூடையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவுக் கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவான். மற்ற நாலு பேரும் அந்தக் கோட்டுக்குள். யாரும் உள்ளே புகுந்து கூடைக்குப் பக்கத்திலிருந்து லே-அப் போட முடியாது. பென்னெட்டின் அப்பா டிக் பென்னெட் வகுத்த முறை இது. அவர் 2000இல் விஸ்கான்சினைக் கடைசி நாலு அணிகளுக்குள் கொண்டுபோனவர்.

தாத்தா: டிக் பென்னெட்டை எனக்குத் தெரியும். மகன் காலேஜில் ஆடியபோது நல்ல ஷூட்டர். தூரத்திலிருந்து எறியும் த்ரீ பாயிண்டரில் பாதிக்குப் பாதி உள்ளே போடுவான். 49.7 சதவீதம், அது என்.சி.ஏ.ஏ. கல்லூரி விளையாட்டு ரெக்கார்டு. அப்படிப்பட்டவன் டீமை ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறான் என்பதுதான் என் கேள்வி.

அண்ணன்: ஆஃபென்ஸில் இந்த வருடம் மாற்றம் இருக்கிறது. பந்து வைத்திருப்பவனுக்கு மற்றவன் வந்து ஸ்க்ரீன் போடுவது, அதாவது எதிராளிக்குக் குறுக்கே நின்று மறிப்பது, கூடியிருக்கிறது. ஜெரோம், கைல் கை (Guy), ஹன்டர் மூன்று பேரும் வெளியிலிருந்து போடுவார்கள். கிஹெய் கிளார்க் என்று புதுப் பையன் ஒருவன், 5 அடி 9 அங்குலம்தான். எதிராளி பந்தைத் தரையில் தட்டும்போது கூடவே இவனும் தட்டப் போவான்.

தாத்தா: அந்தச் சின்னவனைப் பார்க்க வேண்டும். வீடியோ அனுப்பு.

*20 ஜனவரி 2019, ஞாயிறு*

சித்தப்பா: டியூக் 72, வர்ஜீனியா 70. டியூக்கின் பாரெட் 30, ஸையன் 27. தம்பி, இருக்கிறாயா?

அண்ணன்: இருக்கிறேன் சித்தப்பா. இரண்டு பேர் சேர்ந்து 57. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 15தான். எங்கள் ஆட்களைத் தாண்டி அவ்வளவு போட்டதற்குக் கை கொடுக்கத்தான் வேண்டும்.

*10 பிப்ரவரி 2019, ஞாயிறு*

சித்தப்பா: 81–71. இந்தத் தடவை உங்கள் ஊரிலேயே. டியூக் 21 த்ரீ எறிந்து 13ஐ உள்ளே போட்டது.

நான்: லெப்ரான் ஜேம்ஸ் வந்திருந்தாராமே, அண்ணா? பார்த்தாயா?

அண்ணன்: வந்திருந்தார். நான் மேல் வரிசையில் இருந்தேன், தலை மட்டும் தெரிந்தது. தாத்தா, நீங்கள் சொல்லப் போவது தெரியும். பேக் லைன் போட்டால் வெளியே த்ரீ எறிய இடம் கிடைக்கும், அன்றைக்கு எல்லாம் விழுந்தால் ஆட்டம் போயிற்று.

தாத்தா: அதையேதான் சொல்ல வந்தேன். மார்ச்சில் ஒரே ஒரு நாள் அப்படி எவனாவது எறிந்தால் போதும். அங்கே இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

*5 மார்ச் 2019, செவ்வாய்*

அண்ணன்: தாத்தா! ஸிராக்யூஸை அவர்கள் ஊரிலேயே 79–53. 18 த்ரீ! பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயிற்சியில் போடுவதைப்போல் போட்டார்கள்.

தாத்தா: பார்த்தேன். ஸிராக்யூஸ் ஸோன் டிஃபென்ஸ் ஆடுகிறது, ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காப்பது. அதைப் பொறுமையாகப் பாஸ் போட்டுத்தான் உடைக்க வேண்டும். கோபப்படாமல், அவசரப்படாமல் உடைத்தார்கள். இது நல்ல டீம்தான், நான் மறுக்கவில்லை.

*16 மார்ச் 2019, சனி*

அண்ணன்: எங்கள் லீக்கான ஏ.சி.சி. போட்டியின் செமியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 69–59 தோற்றோம். வருடம் முழுக்க மூன்றே தோல்வி. இரண்டு டியூக், ஒன்று இது.

அத்தை: அப்படியென்றால் முடிந்ததா?

நான்: இல்லை அத்தை, இனிமேல்தான் பெரிய போட்டி. 68 அணிகள். ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

*23 மார்ச் 2019, சனி*

நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா?

அண்ணன்: ஆஃப்டைம். கார்ட்னர்-வெப் 36, நாங்கள் 30. மறுபடியும் 16ஆம் ஸீட். நடுவில் 14 புள்ளி பின்னால் போனோம். அரங்கத்தில் எல்லார் முகத்திலும் போன வருடம் தெரிகிறது.

தாத்தா: தம்பி, பதறாதே. போன வருடம் 21 போட்டவர்கள் இன்றைக்கு 30 போட்டிருக்கிறார்கள். அடி வாங்கியும் எறிகிறார்கள். அதைக் கவனி.

அத்தை: எல்லாரும் ஏன் இந்த நேரத்தில் விழித்திருக்கிறீர்கள்? நானும்தான்.

அண்ணன்: 71–56! இரண்டாம் பாதியில் அவர்களுக்கு இருபதே புள்ளி.

தாத்தா: சரி. இப்போது எல்லாரும் தூங்குங்கள்.

*31 மார்ச் 2019, ஞாயிறு*

சித்தப்பா: இன்றைய எதிரணி பர்டூவின் கார்ஸன் எட்வர்ட்ஸ் எங்கிருந்து எறிந்தாலும் விழுகிறது. ஒரு த்ரீ பலகையில் பட்டு விழுந்தது. இவனை யார் பிடிப்பது?

தாத்தா: நான் சொன்ன அந்த ஒரு நாள் இதுதான்.

அண்ணன்: பர்டூ 70, நாங்கள் 67. 5.9 நொடி. ஜெரோம் ஃப்ரீ த்ரோ லைனில், யாரும் மறிக்காமல் இரண்டு தடவை எறியலாம், விழுந்தால் தலா ஒரு புள்ளி.

அண்ணன்: முதலாவது உள்ளே. 70–68.

அண்ணன்: இரண்டாவது போச்சு.

நான்: அண்ணா??

நான்: என்ன ஆச்சு, எழுது!

அண்ணன்: கை நடுங்குகிறது, இருங்கள்.

தாத்தா: நான் சொல்கிறேன். பந்து ரிம்மில் பட்டு எழும்பியது. நம் டியாகிட்டே அதைப் பிடிக்கவில்லை, தட்டிவிட்டான். அது எகிறி நடுக்கோட்டையும் தாண்டி அந்தப் பக்கம் ஓடியது. கிளார்க் துரத்திப் பிடித்தான். பக்கத்திலேயே ஜெரோம் பந்துக்கு நிற்கிறான். வேறு யாராக இருந்தாலும் அவனிடம்தான் கொடுப்பார்கள், அவன்தானே பெரிய ஆட்டக்காரன். இந்தச் சின்னவன் தலையைத் தூக்கிப் பார்த்து, அத்தனை தூரம் ஒரே நேர்ப் பாஸ். டியாகிட்டே கைக்கு வந்தது, வந்த வேகத்திலேயே எறிந்தான். பஸர் அடிக்கும்போது பந்து காற்றில் இருந்தது. உள்ளே.

அண்ணன்: 70–70. ஓவர்டைம்.

நான்: தாத்தா எழுந்து நின்றுகொண்டே டைப் செய்கிறார்.

தாத்தா: நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடைசி நொடியில் பந்து கையில் இருந்தால் எல்லாரும் கூடையைத்தான் பார்ப்பார்கள். மொத்தக் கோர்ட்டையும் பார்க்கச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆட்டத்தில் மறந்துவிடுவார்கள். 5 அடி 9 அங்குலப் பையன், முதல் வருடம், பார்த்திருக்கிறான்.

அண்ணன்: 80–75!!! எட்வர்ட்ஸ் 42 புள்ளி, பத்து த்ரீ. அப்படியும் ஜெயித்தோம்! 1984க்குப் பிறகு இப்போதுதான் ஃபைனல் ஃபோர், கடைசி நாலு அணிகளுக்குள்!

சித்தப்பா: வாழ்த்துகள் தம்பி. மனசாரச் சொல்கிறேன்.

அத்தை: அந்த எட்வர்ட்ஸ் பையன் பாவம். அவ்வளவு போட்டும் தோற்றுப் போனானே.

*7 ஏப்ரல் 2019, ஞாயிறு*

அண்ணன்: மினியாபொலிஸ், ஆபர்னுடன் செமி. அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள் கோர்ட் போட்டிருக்கிறார்கள். பத்து புள்ளி முன்னால் இருந்தோம். ஆபர்ன் வரிசையாக 14 போட்டுவிட்டது. இப்போது 61–57 அவர்கள் பக்கம்.

அண்ணன்: கைல் கை மூலையிலிருந்து த்ரீ. 61–60.

அண்ணன்: ஆபர்னுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. 62–60.

அண்ணன்: விஸில். 0.6 நொடி. கை த்ரீ எறியும்போது ஃபவுல்.

அத்தை: 0.6 என்றால் என்ன செய்ய முடியும்?

நான்: மூன்று ஃப்ரீ த்ரோ, அத்தை. கடிகாரம் நின்றுவிடும். மூன்றும் விழுந்தால் நாம் 63, அவர்கள் 62.

சித்தப்பா: அதற்கு முன்னால் ஜெரோம் டபுள் ட்ரிப்ளிங் செய்தான், தட்டுவதை நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தட்டினான், அம்பயர் பார்க்கவில்லை. ஆபர்ன்காரர்களுக்கு இது ஆறாது.

அண்ணன்: உண்மைதான் சித்தப்பா. ஃபவுலும் உண்மை. உடம்பில் இடித்துவிட்டான்.

நான்: கை ஜெர்ஸியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

அண்ணன்: ஒன்று.

அண்ணன்: இரண்டு. சமம்.

அண்ணன்: ஆபர்ன் டைம்-அவுட் கேட்கிறது. அவனை நிற்க வைத்து யோசிக்க விடுகிறார்கள்.

தாத்தா: யோசிக்கட்டும். போன வருடத் தோல்வியின் படத்தைத்தானே போனில் வைத்துக்கொண்டிருந்தானாம். இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது?

அண்ணன்: மூன்று. 63–62.

அத்தை: அழுகிறேன். எனக்கு ஒரு விதியும் தெரியாது, ஆனாலும் அழுகிறேன்.

*9 ஏப்ரல் 2019, செவ்வாய்*

அண்ணன்: ஃபைனல். டெக்சாஸ் டெக் 68, நாங்கள் 65. 22 நொடி.

தாத்தா: ஹன்டர் எங்கே நிற்கிறான்?

அண்ணன்: மூலையில். ஜெரோம் உள்ளே புகுந்து எல்லாரையும் இழுத்து, வெளியே அவனுக்குக் கொடுத்தான். த்ரீ! 68–68. மறுபடியும் ஓவர்டைம்!

தாத்தா: போன மார்ச்சில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்.

அண்ணன்: 73–70 பின்னால்... இரண்டு ஃப்ரீ த்ரோ உள்ளே. ஹன்டர் மறுபடி த்ரீ. 75–73.

அண்ணன்: ஃப்ரீ த்ரோ எல்லாம் விழுகிறது. ஓவர்டைமில் 12க்கு 12.

அண்ணன்: 85–77. சாம்பியன். யுனிவர்சிட்டி வரலாற்றில் முதல் தடவை. ஹன்டர் 27, கை 24. சிறந்த ஆட்டக்காரர் கை.

சித்தப்பா: 35 வெற்றி, 3 தோல்வி. அதில் இரண்டு எங்களிடம் என்பதை டியூக் ஆட்கள் இனிமேல் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணன்: தாத்தா, இப்போது சொல்லுங்கள். அதே கோச், அதே பேக் லைன், அதே மெதுவான ஆட்டம். ஊரே மாற்றச் சொன்னது. அவர் மாற்றவில்லை.

தாத்தா: வாய்ப்பு குறைந்தால் ஆட்டம் நெருங்கி வரும் என்றேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். கடைசி மூன்று ஆட்டமும் கத்திமேல்தான் நடந்தன. ஆனால் நெருங்கி வந்த ஆட்டத்தைக் கடைசி நொடிகளில் முடிக்க ஆள் வேண்டும். போன வருடம் இந்தப் போட்டியில் அந்த மாதிரி ஒரு ஆட்டமே அவர்களுக்கு வரவில்லை, அதற்கு முன்பே சரிந்துவிட்டார்கள். இந்த வருடம் மூலையில் நிற்பவன், லைனில் நிற்பவன், பின்னால் ஓடிப் பந்தை எடுப்பவன் எல்லாருக்கும் அவரவர் வேலை தெரிந்திருந்தது. அது கோச் செய்த வேலை. அவரைத்தான் முதலில் பாராட்டுவேன்.

அண்ணன்: இதைத்தான் நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் தாத்தா!

தாத்தா: நீ டிஃபென்ஸைப் பற்றித்தான் சொன்னாய். நான் அந்தப் பாஸைப் பற்றிச் சொல்கிறேன்.

நான்: ஹன்டரும் ஜெரோமும் கையும் என்.பி.ஏ. தொழில்முறை லீக்குக்குப் போய்விடுவார்கள் என்கிறார்களே, அண்ணா?

அண்ணன்: போனால் போகட்டும், சம்பாதித்துவிட்டார்கள். கிளார்க்குக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இங்கே தெருவெல்லாம் ஆட்கள், சத்தம் கேட்கிறதா? வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன்.

அத்தை: கேட்டேன் கண்ணா. போ, போய்க் கொண்டாடு. ஜாக்கெட் போட்டுக்கொள்.

தாத்தா: தம்பி, பர்டூ ஆட்டத்தின் கடைசி ஆறு நொடி, வேறு கோணத்தில் எடுத்த வீடியோ இருந்தால் அனுப்பு. கிளார்க் எப்போது தலையைத் தூக்கினான் என்று பார்க்க வேண்டும்.