இழுத்துப் பாருங்கள் மாமா

குழு: வட்டக்கச்சி வீட்டார்

பெரிய மாமா, காலை 6:12: [படம்] வாய்க்கால் பக்கத்து வயலில் நெற்கதிர் வெளுத்து நிற்கிறது. இலையிலும் புள்ளி. கடை திறந்ததும் மருந்து வாங்கவா?

சின்ன மாமா: எரிபந்தம்தான் அண்ணை, அந்தப் பங்கசு (பூஞ்சை) நோய். போன காலபோகம் எனக்கும் இப்படித்தான். உடனே அடியுங்கள்.

சித்தி: படத்தில் அண்ணையின் பெருவிரல்தான் தெரிகிறது 😄

அக்கா (அறிவியல்நகர் விவசாய பீடம்): பொறுங்கள் மாமா. வெளுத்த கதிரைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு கழன்று வந்தால் தண்டு துளைப்பான் புழுவின் வேலை. அதற்குப் பங்கசு மருந்து அடித்துப் பயனில்லை.

பெரிய மாமா, 6:40: ஐந்தாறு இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. கதிரின் கழுத்து கறுத்து மடிந்து கிடக்கிறது.

அக்கா: அப்படியென்றால் கழுத்து எரிபந்தமாகத்தான் இருக்கும். இலைப் புள்ளி எப்படி? இரண்டு முனையும் கூராகக் கண் போல, நடுவில் சாம்பல் நிறமா? அல்லது எள்ளு மாதிரிச் சின்னதாக, கபில நிறமா?

பெரிய மாமா: கண் மாதிரித்தான்.

அக்கா: அதே பங்கசுதான். எள்ளு மாதிரி என்றால் கபிலப் புள்ளி நோய், அது வேறு பங்கசு. பொட்டாசியம் குறைந்த மண்ணில் அதிகம் வரும். யூரியா எவ்வளவு போட்டீர்கள்?

பெரிய மாமா: கொஞ்சம் கூடத்தான். பக்கத்து வயல் கரும்பச்சையாக நின்றது…

மாமி: நான் அப்போதே சொன்னேன்.

அக்கா: யூரியாவும் கூடி, இந்தப் பனியும் விடிய விடிய இலையில் நின்றால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

சின்ன மாமா: எனக்கு இலை நுனியிலிருந்து ஓரம் அலை அலையாக மஞ்சளாகிக் காய்கிறது. அதுவும் இதுதானே?

அக்கா: அது பக்டீரியா போல. பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விடுங்கள். சிறிது நேரத்தில் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரிக் கசிந்தால் பக்டீரியாதான். பங்கசு மருந்துக்குக் காசைக் கரியாக்காதீர்கள்.

சின்ன மாமா: நேற்றே அடித்துவிட்டேன் 🙈

அக்கா: சரி விடுங்கள். பெரிய மாமா, வெளுத்த கதிர் இனிப் பால் பிடிக்காது. கதிர் இன்னும் வெளிவராமல் குடலையில் நிற்கிற துண்டைத்தான் காப்பாற்றப் பார்க்க வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு என்று விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். புள்ளி விழுந்த இலை நாலைந்தை ஈரக் கடதாசியில் சுற்றி, பையில் கட்டி இரவு வையுங்கள். விடிய சாம்பல் பூத்திருந்தால் கொண்டு வாருங்கள், நுணுக்குக்காட்டியில் பங்கசின் வித்தியை (அது பரவும் நுண்விதையை) பார்த்து உறுதிப்படுத்தலாம்.

பெரிய மாமா: ஓம் பிள்ளை. எந்தப் பையில் கட்ட?

மாமி: பொங்கல் சாமான் பையைத் தொட வேண்டாம்.