செட்சுகோ ஹாரா: காட்பாடியில் மூன்று படம் போட எந்த வரிசை சரி?

பாலாற்றங்கரை:
காட்பாடியில் ஒரு மாடி ஹாலில் மூன்று ஞாயிறு சாயங்காலம் ஜப்பான் நடிகை செட்சுகோ ஹாரா நடித்த படங்கள் போடுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஜப்பான் சினிமா என்றால் டைரக்டர் குரோசவாதான். 'டோக்கியோ ஸ்டோரி'யை முதலில் போடலாமா? தமிழ் சப்டைட்டில் நாங்களே எழுதுகிறோம். அந்தப் படத்தை எடுத்த டைரக்டர் ஓசு இறந்த துக்கத்தில் ஹாரா நடிப்பை விட்டார் என்று நோட்டீஸில் போடலாம் என்றிருக்கிறோம்.

கோட்டை அகழி:
அந்த வரியை எடுத்துவிடுங்க. ஹாராவின் கடைசிப் படம் வந்தது 1962. ஓசு இறந்தது 1963 டிசம்பர் 12. அதன்பின் ஹாரா டோக்கியோ பக்கம் காமகுரா ஊரில் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்து 2015 செப்டம்பர் 5 அன்று, 95 வயதில் இறந்தார். செய்தி வெளியே வந்ததே நவம்பர் கடைசியில்தான். நோட்டீஸுக்கு இதுவே போதும்.

'டோக்கியோ ஸ்டோரி' முதலில் வேண்டாம். 136 நிமிஷம், ஹாராவைச் சுற்றிய கதையும் இல்லை. 'லேட் ஸ்பிரிங்' (1949) போடுங்க, 108 நிமிஷம். அதில் 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகம் பார்க்கும் இடம்: அப்பா ஒரு விதவைப் பெண்ணுக்குத் தலையசைத்து வணக்கம் சொல்கிறார். மகள் பார்க்கிறாள், சிரிப்பு வடிகிறது, தலை மெல்லக் குனிகிறது. வசனமே கிடையாது. ஹாராவின் சிரிப்பு என்று ஊரெல்லாம் பேசுவது, உண்மையில் அந்தச் சிரிப்பு உடையும் நேரத்தைத்தான்.

இரண்டாவது 'டோக்கியோ ஸ்டோரி' (1953), மூன்றாவது 'லேட் ஆட்டம்' (Late Autumn, 1960, கலர்). முதல் படத்தில் ஹாரா கட்டிக்கொடுக்கப்படும் மகள், கடைசியில் மகளைக் கட்டிக்கொடுக்கும் தாய். குரோசவா கோஷ்டியை இழுக்க அவருடைய 'நோ ரிக்ரெட்ஸ் ஃபார் அவர் யூத்' (1946) பற்றி இரண்டு வரி எழுதுங்க. அதில் ஹாரா சேற்றில் இறங்கி நாற்று நடுவார். ஆற்காட்டுப் பக்கம் விளக்கவே வேண்டாம்.

மருமகப் பேச்சு:
சப்டைட்டிலில் கோட்டைவிடும் இடம் உறவுமுறை. 'டோக்கியோ ஸ்டோரி'யில் ஹாரா நடிக்கும் நோரிகோ மருமகள், புருஷன் போரில் போனவன். மாமனாரை 'ஒதோசான்' என்பாள். ஜப்பானில் அப்பாவுக்கும் மாமனாருக்கும் அதே சொல்தான். இங்கிலீஷ் சப்டைட்டிலைப் பார்த்து 'அப்பா' என்று போட்டால் நம்ம ஊர் ஆட்கள் அவளையும் பெற்ற பெண் என்று நினைப்பார்கள். பெற்றதுகளைவிட மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்ற விஷயமே போச்சு. 'மாமா', 'அத்தை' என்றே போடுங்க. 'லேட் ஸ்பிரிங்'கிலும் ஹாரா பாத்திரத்தின் பெயர் நோரிகோ, ஆனால் வேறு பெண். தொடர்கதை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க.

ரீல்பெட்டி:
படம் கிட்டத்தட்ட சதுரம், 1.37க்கு 1. புரொஜெக்டரில் 'ஜூம்' போட்டால் மேலே தலையும் கீழே தரைப் பாயும் வெட்டுப்படும்; இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும். கோடைக்கால வெள்ளைச் சட்டை மேல் வெள்ளை எழுத்து காணாமல் போகும், கறுப்பு விளிம்பு கொடுங்க. தமிழ் புரியாத குறிகளாக வந்தால் பெரும்பாலும் சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்கவில்லை என்று அர்த்தம்.

சப்டைட்டில் ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், படமும் சப்டைட்டிலும் வேறு வேறு வேகம் என்று அர்த்தம்: ஒன்று வினாடிக்கு 25 ஃபிரேம், இன்னொன்று 23.976. 136 நிமிஷப் படத்தில் கடைசியில் ஐந்தரை நிமிஷம் தள்ளிப்போகும். விஎல்சி வீடியோ பிளேயரில் தாமதத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பயனில்லை, சப்டைட்டில் வேகத்தையே மாற்றணும்.

பாலாற்றங்கரை:
நோட்டீஸ் வரியை அடித்தாச்சு. 'அப்பா' என்று ஏழு இடத்தில் போட்டு வைத்திருந்தோம், இன்றைக்கே மாற்றுகிறோம். மே மாசம், தகர ஷீட் கூரை. ஹால் ஃபேன் சத்தத்தில் வசனம் கேட்குமா?

ரீல்பெட்டி:
சப்டைட்டில் இருக்கே, ஃபேன் ஓடட்டும். 'டோக்கியோ ஸ்டோரி'யில் அவர்களும் படம் முழுக்க விசிறிக்கொண்டுதான் இருப்பார்கள்.