அழித்த எழுத்து திரும்பத் தெரிகிறது: ரயில் மாடல்காரர்களின் அனுபவங்கள்

ஆக்கூர் கிளைப்பாதை (மயிலாடுதுறை)

ரேட்டிஷே பான் ரயில்வேயின் மாடல் பெட்டிகளை ஏன் வாங்குகிறேன் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் அந்தப் பாதையும் மீட்டர்கேஜ், நம்முடையதும் மீட்டர்கேஜ்தான். 1:87 அளவில் 12 மி.மீ. தடத்தில் ஓடும். சிவப்பும் நம் பழைய பெட்டிச் சிவப்புக்குப் பக்கத்தில் வரும். ஜன்னல் அமைப்பு வேறு என்று சண்டைக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1926-இல் தொடங்கி 1986-இல் நின்றுபோன தரங்கம்பாடிப் பாதையை மாடி அறையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆக்கூர் முடிந்தது, திருக்கடையூர் பாதியில் நிற்கிறது. அந்தப் பாதையில் சுவிஸ் பெயரோடு பெட்டி ஓட முடியாது அல்லவா?

பழைய பெட்டி, ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு வழக்கம்போலத் துடைத்தேன். வெள்ளை எழுத்து முழுவதும் வந்துவிட்டது. பஞ்சில் துளிச் சிவப்புகூட ஏறவில்லை. திருப்தியாக மேசையில் வைத்தேன்.

மாலையில் அக்கா மகள் வந்தாள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவள், “மாமா, இதில் என்னவோ எழுதியிருக்கிறதே” என்றாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆர், எச், ஏ, அதன் மேல் இரண்டு புள்ளி. ஒன்றும் இல்லாத இடத்தில் விரல் வைத்து வாசிக்கிறாள்! வாங்கிப் பார்த்தால், வெள்ளை இருந்த இடத்தில் அடர்சிவப்பாக அதே பெயர். அவள் சொல்லும்வரை என் கண்ணில் படவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் படவில்லை. யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

மெயின்லைன்வாசி (கும்பகோணம்)

நேர்ந்திருக்கிறது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். காரணம் ஒரு பெரியவர்.

சரக்கு வேகன் ஒன்றில் தொழிற்சாலை அச்சிட்ட எண்ணை எடுத்தபோது உங்களுக்கு வந்த அதே பேய் எழுத்து எனக்கும் வந்தது. அப்பாவின் நண்பர் ஒருவர் பொன்மலைப் பணிமனையில் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு ஏதோ விசேஷத்துக்காக வந்திருந்தார். வேகனைக் காட்டி, “பழைய எண் தெரிகிறது, எப்படி மறைப்பது?” என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. “தம்பி, பழைய எண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்க எங்களுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? அதன் மேலேயே ஒரு பூச்சு, பூச்சின் மேல் தகர அச்சு வைத்துப் புது எண். நான்கு மழை பார்த்தால் பழையது எட்டிப் பார்க்கும். நிஜ வண்டியில் இல்லாத சுத்தம் உன் பொம்மைக்கு எதற்கு?” என்றார்.

‘பொம்மை’ என்றது மட்டும் சுருக்கென்றது. மற்றபடி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பேய் எழுத்தின் மேலேயே புது எண்ணை ஒட்டி, லேசாகத் துருச்சாயம் பூசி, இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

வெட்டாற்றங்கரை (திருவாரூர்)

என் கதை ஒரு வரிதான். ஸ்பிரிட் வாங்க அடிக்கடி போவதைப் பார்த்த மருந்துக் கடைக்காரர், “வீட்டில் யாருக்குப் புண்? ஆறவே இல்லையா?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். ரயில் பெட்டிக்கு என்று சொன்ன பிறகு அவருடைய கவலை இன்னும் அதிகமாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அச்சு எப்படி ஏறுகிறது என்று தெரியாமல் எடுக்க இறங்கக் கூடாது. உலோகத் தகட்டில் எழுத்து குழியாக அரிக்கப்பட்டிருக்கும். குழியில் மை தேங்கும். மெத்தென்ற சிலிக்கான் திண்டு ஒன்று அந்த மையை ஒற்றியெடுத்துப் பெட்டியின் மேல் பதிக்கும். வளைந்த பக்கத்திலும் கம்பி விளிம்பிலும் எழுத்து உடையாமல் பதிவது அதனால்தான். ஆக, மை என்பது வண்ணத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மிக மெல்லிய தனிப்படலம். பெரும்பாலும் அது அடியிலுள்ள வண்ணத்துக்கு முன்பே இளகிவிடும். நம் வேலை நடப்பது அந்த இடைவெளிக்குள்தான். சில தயாரிப்பாளர்கள் எழுத்தின் மேல் ஒரு தெளிவான வார்னிஷும் அடித்துவிடுவார்கள். அப்போது இடைவெளியும் இல்லை, நம் பொறுமையும் இல்லை.

எதைத் தொடுவதானாலும் முதலில் பெட்டியின் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். பஞ்சுக்குச்சியைத் தேய்க்காதீர்கள், உருட்டுங்கள். நிறம் ஏறிய பக்கத்தை மறுபடி வைக்காதீர்கள். ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடுகிறது என்றால் கைக்குத் தடவும் ஜெல் சானிடைசரை எழுத்தின் மேல் மட்டும் வையுங்கள். வழியாமல் நின்று மெதுவாக வேலை செய்யும். டெக்காலை, அதாவது நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துப்படலத்தை, இளக்கும் திரவம் வைத்திருப்பவர்கள் அதையே எழுத்தின் மேல் ஊறவிட்டு, மழுங்கிய மரக்குச்சியால் தள்ளலாம். எக்காரணம் கொண்டும் ஊசி வேண்டாம், பிளேடு வேண்டாம். பிரேக் ஆயில் பற்றி யாராவது சொல்வார்கள். அது ஓர் எழுத்தை எடுக்கும் சமாச்சாரம் அல்ல, மொத்த வண்ணத்தையும் உரிப்பது. அந்தத் திரவம் தோலுக்கும் ஆகாது.

இப்போது ஆக்கூர் அண்ணனின் பேய். பேயில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பளபளப்பு வித்தியாசம்: துடைத்த இடம் மினுக்கும் அல்லது மங்கும், நிறம் ஒன்றேதான். மற்றொன்று நிற வித்தியாசம்: பெட்டி பல ஆண்டுகள் வெயில் படும் அலமாரியில் இருந்து சிவப்பு வெளுத்திருக்கும், எழுத்தின் அடியில் மட்டும் பழைய சிவப்பு நிழலில் பத்திரமாக இருந்திருக்கும். எது என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் போதும். விரலால் தொட்டு அந்த இடத்தை நனையுங்கள். ஈரத்தில் பேய் மறைந்தால் பளபளப்புதான், கடைசியில் ஒரு வார்னிஷ் பூச்சு அடித்தால் தீர்ந்துவிடும். ஈரத்திலும் நின்றால் நிறம். அதற்கு வார்னிஷ் அடித்துப் பயனில்லை. இன்னொன்று, இரண்டு பக்கமும் தெரிகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் வெயில்தான் குற்றவாளி என்று பார்க்காமலே சொல்வேன்.

ஒய்பி பித்தன் (தஞ்சாவூர்)

கும்பகோணத்து நண்பர் சொல்வதை ஏற்க முடியவில்லை. பொன்மலைப் பெரியவர் சொன்ன பேய், பழைய வேகன் எண்ணின் பேய். அதே ரயில்வே, அதே தகர அச்சு. ஆக்கூர்க்காரர் பெட்டியில் இருப்பது சுவிஸ் பெயர். தரங்கம்பாடிப் பெட்டியின் அடியிலிருந்து ஆல்ப்ஸ் மலை எட்டிப் பார்த்தால் அதை எந்தக் கணக்கில் ‘இயல்பு’ என்று சேர்ப்பது? துருச்சாயம் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. அழுக்கு பூசுவது ஒரு கலை. குறையை மறைக்க அழுக்கு பூசுவது வேறு.

என் அனுபவம் எழுத்தை எடுத்த பிறகு நடந்தது. நீலப்பெட்டி ஒன்றில் எண்ணை எடுத்துவிட்டு, புது டெக்கால் வருவதற்காகக் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு என் மாடல் ரயில் அமைப்பைக் கேட்டார்கள், கொண்டுபோய் ஓட்டினேன். கூட்டத்தில் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர். பேசவே இல்லை. ஒவ்வொரு பெட்டி கடக்கும்போதும் உதடு அசைகிறது. பிறகுதான் புரிந்தது, எண்களை வாசித்துக்கொண்டிருக்கிறார். மொட்டைப் பெட்டி வந்ததும் கையை நீட்டி, “நிறுத்துங்கள்” என்றார். நிஜமாகவே நிறுத்திவிட்டேன். “இதற்கு எண் எங்கே? எண் இல்லாத வண்டியை நான் எப்படிக் குறிப்பேட்டில் ஏற்றுவது?” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டிய ஆண்டு, அதைப் பார்த்தாலே வயது தெரியும் என்று பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு, என் பெட்டியைக் காட்டி, “இது பிறந்ததே தெரியவில்லை” என்றார்.

ஆகவே, புது எழுத்து கையில் வரும்வரை பழையதைத் தொடாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், வெட்டாற்றங்கரை நண்பர் சொல்லவில்லை.

வெட்டாற்றங்கரை (திருவாரூர்)

கேட்டது எப்படி எடுப்பது என்று. எப்போது எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை.

ஆக்கூர் கிளைப்பாதை (மயிலாடுதுறை)

நனைத்துப் பார்த்தேன். பேய் நிற்கிறது, ஈரத்தில் இன்னும் தெளிவாகவே. பெட்டியைத் திருப்பினால் மறுபக்கத்தில் ஒரு சுவடும் இல்லை. திருவாரூர் சொன்னதுபோல வெயில்தான். முன்பு வைத்திருந்தவர் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட இப்போது சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

இனி என்ன வழி? அந்தப் பக்கம் முழுவதும் வண்ணம் அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஜன்னல் சட்டத்தில் இருக்கும் மெல்லிய வெள்ளிக்கோடு போய்விடும்.

உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

வண்ணம் வேண்டாம். வெளுத்தது மேல்தோல் மட்டும்தான். காருக்குப் போடும் மிக நைஸான பாலிஷ் அல்லது வெள்ளைப் பற்பசையை (ஜெல் அல்ல) பருத்தித் துணியில் தொட்டு, அந்தப் பக்கத்தை நீளவாட்டில் லேசாகத் தேயுங்கள். எழுத்து இருந்த இடத்தில் தேய்க்காதீர்கள், சுற்றியுள்ள இடம்தான் கீழே இறங்கி அதற்குச் சமமாக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளிம்பிலும் கைப்பிடிக் கம்பி மேட்டிலும் வண்ணம் சீக்கிரம் போய்விடும், அங்கே ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பார் சிலர். உங்கள் வெள்ளிக்கோட்டுக்கு அது ஆபத்து.

நான் எழுத வந்தது வேறு. என் மைத்துனர், கெட்டிக்காரர், எதையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். நான் ஆல்கஹாலில் உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “இதற்கு இவ்வளவு நேரமா?” என்று என் மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து வந்தார். நான் வாசலில் யாரோ அழைக்க எழுந்து போன நேரம். திரும்பி வந்தபோது எழுத்து போயிருந்தது, உண்மைதான். எழுத்து இருந்த சுவரும் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக் பளபளவென்று இளகி, அவருடைய கட்டைவிரல் ரேகை அதில் அப்படியே பதிந்துவிட்டது. அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “ஆனால் எழுத்து வந்துவிட்டது, பாருங்கள்.”

பெட்டியை வைத்திருக்கிறேன். ரேகை இன்னும் இருக்கிறது. அவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறார், நான் அதை அலமாரியில் முன்வரிசையில் வைக்கிறேன். இதுவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மெயின்லைன்வாசி (கும்பகோணம்)

தஞ்சாவூர் நண்பருக்கு: அழுக்கு பூசுவது குறையை மறைக்க அல்ல. அவர் ஓட்டும் ஒய்பி நீராவி இன்ஜினின் கரிப்புகையில் ஒரு மாதம் நிஜப்பெட்டி நின்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும். அவர் பெட்டிகள் எல்லாம் கல்யாணத்துக்குப் புறப்பட்டவைபோல் மின்னுவதை நான் எப்போதாவது குறை சொன்னேனா?

ஒய்பி பித்தன் (தஞ்சாவூர்)

இப்போது சொல்லிவிட்டீர்கள்.

கேட்டில் நிற்பவன் (நீடாமங்கலம்)

ரயில்வே கேட்டில் நிற்கும் நேரத்தில் மொத்தத்தையும் படித்துவிட்டேன், எங்கள் ஊர்க் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், பிறகு ஒட்டுவது நம் ஊரில் தனிப்பாடு. பாலிஷ் போட்ட இடத்தில் டெக்கால் நேராக ஒட்டாதீர்கள். எண்ணெய்ப்பசை இருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். பிறகு பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டெக்கால், அதன் மேல் மேட் வார்னிஷ். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் போர் தண்ணீரில் டெக்காலை ஊறவைக்காதீர்கள், காய்ந்ததும் உப்பு வெண்மையாகப் படிந்துவிடும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே வார்னிஷைத் தொடவே வேண்டாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பெட்டி முழுவதும் பால் தெளித்ததுபோல் ஆகிவிடும். மன்னார்குடிப் பாதை 2011-இல் திரும்பத் திறந்ததன் நினைவாக நான் செய்துகொண்டிருந்த பெட்டி ஓர் அடைமழை நாளில் அப்படித்தான் வெளுத்தது. மழையே இல்லாத ஊர்க்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு அடித்தேன் என்று வையுங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. 10 செ.மீ. எழுத்து 1:87-இல் 1.15 மி.மீ.தான் வரும். அந்த அளவில் ‘தரங்கம்பாடி’ என்று வெள்ளையில் அச்சிட்டால் ‘டி’-யின் கொக்கி அடைபடாமல் யாருக்காவது வந்திருக்கிறதா? சாதாரண லேசர், இங்க்ஜெட் அச்சுப்பொறிகளில் வெள்ளை கிடையாது. வெள்ளை டெக்கால் தாளில் பின்னணிச் சிவப்பை அச்சிட்டு எழுத்தை வெறுமையாக விடும் முறையில் பெட்டிச் சிவப்போடு அச்சுச் சிவப்பு ஒத்துவரவில்லை. வெள்ளை டோனர் வைத்திருக்கும் அச்சகம் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் விசாரித்துவிட்டேன். எல்லாரும் முகூர்த்தத் தேதி என்ன என்றுதான் கேட்கிறார்கள்.