கலைச்சொல் விவாதம்: ‘ரிலேட்டட் கீவேர்ட்’ என்பதற்குச் ‘சூழ்சொல்’ பொருந்துமா?

அன்புடைய குழுமத்தாருக்கு வணக்கம்.

தேடுபொறி சார்ந்த சொற்பட்டியலில் ‘கீவேர்ட்’ என்பதற்குத் ‘தேடுசொல்’ என்று கொள்ளப் பெரும்பாலோர் உடன்பட்டிருக்கிறோம். ‘திறவுச்சொல்’ கடவுச்சொல்லோடு மயங்குகிறது. ‘குறிச்சொல்’ வலைப்பதிவுக் காலந்தொட்டு ‘டேக்’ என்பதற்கு நிலைபெற்றுவிட்டது. ‘தேடுசொல்’ தேடிய, தேடுகின்ற, தேடும் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகையாய் நின்று, பயனர் பெட்டியில் தட்டச்சிடும் சொல்லை நேராகச் சுட்டுகிறது. அடுத்து வரும் ‘ரிலேட்டட் கீவேர்ட்’ என்பதற்குத் ‘தொடர்புடைய தேடுசொல்’ என்று எழுதிவிட்டு நகரலாம் என்று நண்பர் ஒருவர் கூறியிருந்தார். அந்த இடத்தில் நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். தொடர்பு எத்தகையது என்பதை அந்தத் தொடர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதனால் விளையும் குழப்பத்தை எங்கள் கடற்கரையில் கண்கூடாகக் காண்கிறேன்.

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பகுதிகளில் சிறு விடுதி நடத்துவோருக்கும் படகுச் சவாரி ஏற்பாடு செய்வோருக்கும் இணையப் பக்கங்களைத் தமிழில் எழுதித் தருவது என் தொழில். அவர்களுள் ஒருவருக்கு வெளியூர்ச் சந்தைப்படுத்தும் நிறுவனம் ஒன்று ‘தொடர்புடைய கீவேர்டுகள்’ என்னும் தலைப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தது. ‘ராமேஸ்வரம் ரூம்’, ‘இராமேசுவரம் விடுதி’, ‘குருசடை தீவு போட்’, ‘பவளப்பாறை’, ‘வெப்பமண்டலத் தீவு விடுமுறை’, ‘தனியார் தீவு’, ‘நீர்மேல் குடில்’, ‘தேனிலவுத் தீவு’ ஆகிய அனைத்தும் அதில் ஒரே வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் பக்கத்தில் புகுத்தினால் தேடலில் முன்னே வரலாம் என்பது அவர்கள் அறிவுரை.

இப்பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் தொடர்பு ஒரே வகையானதன்று என்பது விளங்கும். ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என்பவை ஒரே ஊரின் எழுத்து வேறுபாடுகள். தமிழில் இவ்வகை மிகுதி. ‘தீவுச் சுற்றுலா’ என்று ஒற்று மிகுத்து நாம் எழுதுகிறோம். தேடுவோரில் பலர் ‘தீவு சுற்றுலா’ என்றே தட்டுகின்றனர். தீவுக்கு, தீவிற்கு, தீவில் என்று உருபேற்ற வடிவங்களும், கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தட்டப்படும் தமிழும் சேரும்போது, ஒரு தேடுசொல்லே பல வடிவம் கொண்டு நிற்கிறது. இவற்றைத் தனித்தனிச் சொல்லாகக் கணக்கிட்டு ஒரே பத்தியில் அடுக்குவது வாசகருக்குத் துன்பம் தருவதோடு, தேடுபொறிகள் வெளிப்படையாகத் தடைசெய்துள்ள சொல் திணிப்பாகவும் ஆகிவிடும்.

விடுதி, ரூம், அறை, லாட்ஜ் என்பவை வேறு வகை. தேவை ஒன்று, அதைக் கேட்கும் சொல் பல. இவற்றுக்கு ‘மாற்றுத் தேடுசொல்’ என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன். இதில் பெரிய சிக்கல் இல்லை.

மூன்றாம் வகைதான் இவ்விழையின் பொருள். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவைப் பற்றி அறிந்தவர் எழுதும் பக்கத்தில் பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா (கடற்பசு), வனத்துறை அனுமதி, கண்ணாடித் தளப் படகு, பாம்பன், மண்டபம் ஆகிய சொற்கள் ஒருவர் சொல்லாமலே வந்து அமையும். இவை குருசடைக்கு மாற்றுச் சொற்கள் அல்ல. தேடுபவர் இவற்றைத் தட்டச்சிடாமலும் இருக்கலாம். ஆயினும் இவை இல்லாத பக்கம், அந்தத் தீவைப் பற்றி எதுவும் சொல்லாத பக்கமாகத்தான் இருக்கும். ஒரு சொல்லின் பொருளை அதனோடு கூடிவரும் சொற்களால் அறிகிறோம் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957இல் எழுதியது இந்த உண்மையைத்தான்.

நான்காவதாக ‘தனியார் தீவு’, ‘நீர்மேல் குடில்’ போன்றவை. இவை மாலத்தீவுக்கு உரியவை. அங்கே 1972இல் தொடங்கிய விடுதித் தொழில், ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் வளர்ந்தது. ஆகவே அங்கே அச்சொற்கள் உண்மையைச் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில், தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தேசியக் கடற்பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. சுற்றுலா வருவோர் இரவு தங்கவும் இயலாது. தங்க வேண்டுமானால் மக்கள் வாழும் பாம்பன் தீவிலோ, மண்டபம் முதலிய நிலப்பகுதி ஊர்களிலோதான் தங்க வேண்டும். ‘தனியார் தீவு’ என்ற சொல்லைத் தேடி வந்து, குடும்பத்தோடு முன்பணம் கட்டியபின் இதை அறிபவருடைய மனநிலையை எண்ணிப் பாருங்கள். 9 பாகை வட அகலாங்கில் இருக்கும் எங்கள் கரையும் வெப்பமண்டலக் கரைதான் என்பதில் ஐயமில்லை. அந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு மாலத்தீவின் சொற்களை இங்கே கொட்டுவது முறையன்று.

இக்குழப்பத்துக்குச் சந்தை தந்திருக்கும் பெயர் ‘எல்.எஸ்.ஐ. கீவேர்ட்’ (எல்.எஸ்.ஐ. என்பது ‘லேட்டன்ட் செமான்டிக் இன்டெக்ஸிங்’ என்பதன் சுருக்கம்). பெயரின் மூலம், டியர்வெஸ்டர் முதலிய ஐவர் 1990இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை. தேடுபவர் ஆளும் சொல்லும் ஆவணத்தில் உள்ள சொல்லும் வேறுபடும்போது, எந்தச் சொற்கள் எந்த ஆவணங்களில் கூடிவருகின்றன என்ற அட்டவணையைச் சுருக்கி, மறைந்திருக்கும் பொருளுறவைக் கண்டறிவது அவர்கள் முறை. அது ஆவணங்களை வரிசைப்படுத்தும் கணித முறை. பக்கத்தில் தூவுவதற்கான சொல்வகை ஒன்றை அது தரவில்லை. ‘எல்.எஸ்.ஐ. கீவேர்ட் என்று எதுவும் இல்லை’ என்று கூகுளின் ஜான் முல்லர் 2019இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். எனவே அந்தப் பெயரைத் தமிழாக்கும் வேலையே நமக்கு வேண்டாம்.

எனது பரிந்துரை ‘சூழ்சொல்’. தேடுசொல்லைப் போலவே இதுவும் வினைத்தொகை. இரண்டும் இணையாக நிற்கும். ‘இணைச்சொல்’ என்று ஒருவர் கூறினார். அது அக்கம்பக்கம், ஏழை எளியவர் போன்ற இணைமொழிகளையும் ‘ஆனால்’, ‘மேலும்’ போன்ற இணைப்புச் சொற்களையும் நினைவூட்டும். ‘உறவுச்சொல்’ என்றால் அத்தை, மாமன் வந்துவிடுவர். ‘துணைச்சொல்’ பரவாயில்லை, ஆனால் சிறப்பில் தாழ்ந்தது என்ற குறிப்பு அதில் ஏறிவிடுகிறது. குழுமத்தார் கருத்தை அறிய விழைகிறேன்.

மண்டபத்திலிருந்து.

* * *

அன்புள்ள தம்பிக்கு வாழ்த்துகள்.

நான்கு வகையையும் பிரித்துக் காட்டியது மிகச் சரி. சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. சூழ்தல் என்பதற்குச் சுற்றியிருத்தல் என்ற பொருளோடு எண்ணுதல், திட்டமிடுதல் என்ற பொருளும் தொன்றுதொட்டு உண்டு. ‘மற்றொன்று சூழினும் தான்முந் துறும்’ என்ற குறளை எண்ணுக. இன்றைய வழக்கில் சூழ்ச்சி என்பது வஞ்சகத்தையே குறிக்கிறது. தேடுபொறியை ஏமாற்றும் வேலைகள் மலிந்த துறையில் ‘சூழ்சொல்’ என்று பெயர் வைத்தால், அதுவும் ஏமாற்று வேலைகளுள் ஒன்றென்று படிப்பவர் கொள்ள மாட்டாரா?

நம்மிடம் இதற்கு ஆயத்தமான கருத்து ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எண்ணி ‘அவ்வகை பிறவும் கருவென மொழிப’ என்று முடிக்கிறார். புன்னையும் சுறாவும் உப்பு வண்டியும் ஒரு பாட்டில் வந்தால், நெய்தல் என்ற பெயர் வராமலே அது நெய்தல் என்று அறிகிறோம். நீங்கள் விளக்கும் மூன்றாம் வகை இதுவே அன்றோ? ஆகவே ‘கருச்சொல்’ என்று வைக்கலாம். மேலும், ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தால், அவை வந்த நிலத்தின் பயனையே தரும் என்றும் அவர் விதிக்கிறார். சொற்கள் இடம் பெயர்வதற்கும் இலக்கணம் கண்டவர் நம் முன்னோர் என்பதை நினைவில் கொண்டு முடிவு செய்ய வேண்டுகிறேன்.

தொண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்.

* * *

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கருப்பொருள் பற்றிய தங்கள் விளக்கம் இவ்விழைக்குக் கிடைத்த பெரும் பேறு. இவ்வகைச் சொற்களின் இயல்பை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது என்பதால், வரையறையிலேயே அதைச் சேர்க்க விரும்புகிறேன். ஆயினும் பெயராகக் ‘கருச்சொல்’ வருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இன்றைய எழுத்து வழக்கில் கருப்பொருள் என்பது ஒரு படைப்பின் மையப் பொருளைக் குறிக்கிறது; மாநாட்டுக்கும் மலருக்கும் ‘கருப்பொருள்’ அறிவிக்கிறார்கள். ஒரு பக்கத்தின் கருச்சொல் எது என்று கேட்டால், பலரும் அதன் முதன்மைத் தேடுசொல்லையே காட்டுவர். நாம் குறிக்க நினைப்பது மையத்தைச் சுற்றி நிற்பதை. அவர்கள் கொள்வது மையத்தையே. கலைச்சொல்லுக்கு இதைவிடப் பெரிய இடர் இல்லை.

‘சூழ்’ என்பதில் வஞ்சகப் பொருள் ஒலிக்கும் என்ற தங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் சூழல், சுற்றுச்சூழல், சூழலியல் ஆகிய சொற்கள் பள்ளிப் பிள்ளைகள் வரை பரவியிருக்கின்றன. அவற்றில் எவருக்கும் சூழ்ச்சி நினைவுக்கு வருவதில்லை. தேடுசொல்லின் அருகில் வைத்து ஆளும்போது ‘சூழ்சொல்’லிலும் சுற்றியிருத்தல் என்ற பொருளே முந்தி நிற்கும். படகுக்காரர்களிடம் ‘இந்தச் சொல்லைச் சுத்தி வர்ற சொல்லுங்க’ என்று விளக்கினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்கள் எந்தக் கருவியும் தராதவை. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயர்கள் வரும். மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வர். தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் கொந்தளிக்கையில் பெண்கடல் அடங்கியிருக்கும். வாடை மாதங்களில் நிலைமை மாறும். எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்று கேட்கும் குடும்பத்துக்கு வேண்டிய விடை இதில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதும், தனுஷ்கோடியில் மாலைக்குமேல் தங்க அனுமதியில்லை என்பதும், அதன் கோடியிலுள்ள அரிச்சல்முனையும் பூநாரையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இச்சொற்கள் தேடலிலும் பயன்படுவதற்குக் காரணம் உண்டு. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லைவிடச் சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே பிரித்தறியும் ஆற்றல் அதிகம் என்று கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் நிறுவிக் காட்டினார்; தகவல் தேடலில் அக்கருத்து இன்றும் ஆளப்படுகிறது. ‘அழகிய கடற்கரை’, ‘மறக்க முடியாத அனுபவம்’ என்பவை கோவாவுக்கும் அந்தமானுக்கும் எழுதிய பக்கங்களில் எல்லாம் இருக்கின்றன. ஆவுளியாவும் அரிச்சல்முனையும் அப்படி எங்கும் இருப்பவை அல்ல. இவற்றைப் பக்கத்தின் மறைவான ‘மெட்டா’ குறிப்பில் வரிசையாக இட்டால் போதுமா என்று விடுதிக்காரர்கள் கேட்பதுண்டு. வலைத்தேடலின் தரவரிசைக்கு அக்குறிப்பைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. சொல் வாசகர் கண்ணில் படும் உரையில், ஒரு செய்தியைச் சுமந்து வர வேண்டும்.

பூவும் புள்ளும் இடம் பெயர்வது பற்றித் தாங்கள் கூறிய விதி, என் நான்காம் வகையைத் திருத்திக்கொள்ள இடம் தருகிறது. ‘மாலத்தீவு’ என்ற சொல்லை எங்கள் பக்கங்களிலிருந்து முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ‘மாலத்தீவைப் போலத் தீவிலேயே தங்கும் விடுதி இங்கே இல்லை, மன்னார் வளைகுடாத் தீவுகள் பாதுகாக்கப்பட்டவை, பகலில் வனத்துறை ஏற்பாடு செய்யும் படகில் குருசடையைப் பார்த்துவிட்டு மண்டபத்தில் தங்கலாம்’ என்று எழுதினால், அச்சொல் வந்த நிலத்தின் பயனைத் தருகிறது. அப்போது அதுவும் சூழ்சொல்லே. எனவே ஒரு சொல் சூழ்சொல்லா என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது; அது வரும் வாக்கியம் அந்தப் பொருளைப் பற்றி உண்மை சொல்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மொழியியலில் ‘கொலொகேஷன்’ என்பதற்கு ‘உடனிகழ்சொல்’ என்று கொள்ளலாம் என்ற கருத்து வேறோர் இழையில் எழுந்ததையும் கருத்தில் கொண்டேன். மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளை ஒட்டிய அந்தச் சொல் மிக நன்று. அது மொழியியலுக்கே இருக்கட்டும். அங்கே ஒரு சொல்லை அடுத்து வருவதைப் பற்றிய பேச்சு. இங்கே ஒரு பொருளைச் சுற்றிப் பக்கம் முழுதும் பரவி நிற்பதைப் பற்றிய பேச்சு.

மேற்கண்டவற்றை ஒட்டிப் பட்டியலுக்கான பதிவைக் கீழ்க்காணுமாறு எழுதியிருக்கிறேன்.

சூழ்சொல், பெயர்ச்சொல், பன்மை சூழ்சொற்கள். ஒரு தேடுசொல் குறிக்கும் பொருளுக்கு, நிலத்துக்குக் கருப்பொருள்போல் உரியதாய், அப்பொருளை விளக்கும் உரையில் இயல்பாக உடன்வரும் சொல். தேடுசொல்லின் எழுத்து வேறுபாடும் மாற்றுத் தேடுசொல்லும் இதில் அடங்கா. காட்டு: ‘குருசடைத் தீவு’ என்னும் தேடுசொல்லுக்குப் பவளப்பாறை, கடற்புல், வனத்துறை அனுமதி, பாம்பன் என்பவை சூழ்சொற்கள்.

‘கருப்பொருள்போல்’ என்ற உவமை வரையறைக்குள் இருக்கலாமா, விளக்கக் குறிப்புக்குச் செல்ல வேண்டுமா என்பதை ஐயா அவர்களே முடிவு செய்தருள வேண்டும். வேறு மறுப்பு உடையவர்கள் இவ்வார இறுதிக்குள் எழுதினால், சேர்த்துத் திருத்திப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

மண்டபத்திலிருந்து.